ஆட்டமும் கூடி ஆளும் கூடினால்: அமெரிக்கக் கால்பந்தின் கூலிக் கணக்கு

ஓசூரில் ஓர் அமெரிக்க நிறுவனத்துக்காக இரவுப் பணி பார்க்கும் என் தங்கை மகன், உடன் வேலை செய்பவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அந்நாட்டுக் கால்பந்தின் மீது பித்துப் பிடித்தவன். சென்ற வாரம் காவேரிப்பட்டணத்துக்கு வந்திருந்தபோது அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, என்.எஃப்.எல். என்கிற அந்தத் தொழில்முறை லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடும் 16 ஆட்டங்களை 17 ஆக்கினார்கள். இப்போது 18 வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஈடாக அணியில் ஆள் எண்ணிக்கையையும் கூட்டலாம் என்ற பேச்சும் இருக்கிறது. ஆட்டம் கூடினால் வருமானம் கூடும், ஆள் கூடினால் இன்னும் சிலருக்கு வேலை கிடைக்கும், தலைக்குத் தலை பாரமும் குறையும். பிறகு வீரர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?" மாங்கூழ் ஆலைகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவன் என்பதால் இதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அன்று வாயால் சொன்னது பாதியில் நின்றுவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இது நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் உதைத்து ஆடும் பந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, மோதி முன்னேறும் ஆட்டம். லீக்கில் 32 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியின் பட்டியலிலும் 53 பேர் இருக்கலாம். ஆட்ட நாளன்று அவர்களில் அதிகபட்சம் 48 பேர் களமிறங்கத் தகுதி பெறுவார்கள். இவர்களுக்குப் பின்னால் பயிற்சிக் குழு என்ற பெயரில் 16 பேர் காத்திருப்பார்கள். பருவத்தின் நீளம் 1961-இல் 12-லிருந்து 14 ஆட்டங்களாகவும், 1978-இல் 16 ஆகவும், 2021-இல் 17 ஆகவும் வளர்ந்தது. கடைசி இரண்டு தடவையும், பருவத்துக்கு முன் ஒப்புக்கு ஆடப்படும் முன்னோட்ட ஆட்டங்களைக் குறைத்துத்தான் கணக்கு நேர் செய்யப்பட்டது. 18 ஆட்டங்களும் 2 முன்னோட்ட ஆட்டங்களும் என்ற அமைப்பே தமக்கு விருப்பம் என்று லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் 2024-இல் வெளிப்படையாகவே சொன்னார். இப்போதைய தொழில் ஒப்பந்தம் 2030 பருவம் வரை நீடிக்கிறது. அதை மாற்றாமல், அதாவது வீரர்கள் சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல், 18 வராது.

இனி கூலிக்கு வருவோம். அணியின் முதலாளி தம் வசதிக்கேற்ப மொத்தச் சம்பளச் செலவைத் தீர்மானிக்கும் முறை இந்த லீக்கில் இல்லை. 2020-இல் செய்த ஒப்பந்தப்படி லீக்கின் வருமானத்தில் 48 விழுக்காடு வீரர்களுக்குரியது, 17 ஆட்டப் பருவமானால் குறைந்தது 48.5 விழுக்காடு. அந்தப் பங்கிலிருந்து ஓய்வூதியம், மருத்துவம் முதலியவற்றுக்கான செலவைக் கழித்து, எஞ்சியதை 32-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் அணிக்கான சம்பள உச்சவரம்பு. 2025-இல் அது 27.92 கோடி டாலர். 53 பேரின் சம்பளமும், பயிற்சிக் குழுவின் வாரக் கூலியும், காயம்பட்டு ஒதுங்கியிருப்பவர்களின் சம்பளமும் இந்த ஒரே தொகைக்குள்தான் அடங்க வேண்டும்.

கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. எங்கள் ஆலை வாசலில் மே மாதம் தொடங்கி லாரிகள் வரிசை கட்டி நிற்கும், பெரும்பாலும் பெங்களூரா மாங்காய். இறக்கும் ஆட்களுக்கு நாள் கூலி கிடையாது. டன்னுக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம், அவர் பிரித்துக் கொடுப்பார். ஒரு சீசனில் வரத்து மிகுந்து, எட்டுப் பேர் இருந்த கூட்டத்தில் மேஸ்திரி மூன்று பேரைச் சேர்த்தார். நான் எழுதிய வவுச்சரில் ஒரு மாற்றமும் இல்லை: இத்தனை டன், டன்னுக்கு இவ்வளவு, ஆக இவ்வளவு. ஆள் எத்தனை பேர் என்று கேட்கும் கட்டமே அந்தத் தாளில் கிடையாது. சாயங்காலம் எடைமேடைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் பணத்தைப் பிரித்தபோதுதான், எட்டாக இருந்த பங்கு பதினொன்றாகியிருந்தது தெரிந்தது. பழைய ஆட்களில் ஒருவர் தம் பங்கை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். ஆலை முதலாளிக்கு மூன்று பேர் சேர்ந்ததே தெரியாது, தெரிந்திருந்தாலும் மகிழ்ச்சிதான், லாரி சீக்கிரம் காலியாகிறது.

என்.எஃப்.எல். முதலாளிகளும் பட்டியலை விரிப்பதில் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். "18 ஆட்டங்களுக்கு ஒப்புக்கொள்ளுங்கள், நாங்கள் அணிக்கு 3 பேரைக் கூட்டித் தருகிறோம்" என்பது கேட்க ஈடுபோல இருக்கும். ஆனால் அந்த மூவரின் சம்பளம் முதலாளிகளின் ஏறக்குறைய 51.5 விழுக்காட்டிலிருந்து வருவதில்லை, வீரர்களின் 48.5-லிருந்தே வருகிறது. உடை, உணவு, பயணம் என்று சில்லறைச் செலவு முதலாளிக்குக் கூடும், அவ்வளவுதான்.

இதை எண்களால் பார்த்துவிடலாம். 17 என்பது 18 ஆனால் ஆட்டங்கள் 5.9 விழுக்காடு கூடுகின்றன. வருமானமும் அதே அளவு கூடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உச்சவரம்பு 27.92 கோடியிலிருந்து சுமார் 29.56 கோடி டாலராகும். இன்று 53 பேருக்குச் சராசரியாக வகுத்தால் தலைக்கு 52.7 லட்சம், நாளை 56 பேருக்கு வகுத்தால் 52.8 லட்சம். ஆண்டுச் சம்பளம் அசையவில்லை, வேலை மட்டும் ஓர் ஆட்டம் கூடிவிட்டது. ஓர் ஆட்டத்துக்கான கூலி 3.10 லட்சத்திலிருந்து 2.93 லட்சமாக இறங்குகிறது.

இந்தச் சராசரி கொஞ்சம் கடுமையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக வரும் மூவருக்கு யாரும் 52 லட்சம் கொடுக்கப்போவதில்லை. 2025-இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம் டாலர். மூவருக்கும் சேர்த்து 25.2 லட்சம். கூடுதலாக வந்த 1.64 கோடியில் அதைக் கழித்துவிட்டுப் பழைய 53 பேருக்கு வகுத்தால், ஆட்டத்துக்குத் தலைக்கு ஏறக்குறைய 3.07 லட்சம் வருகிறது. இழப்பு ஒரு விழுக்காடுதான். ஆனால் அந்த ஒரு விழுக்காடும் எல்லோர் தலையிலும் சமமாக விழாது. டாலஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர்) டாக் பிரெஸ்காட் 2024-இல் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர் என்ற கணக்கில் ஒப்பந்தம் செய்துகொண்டார். அப்படிப்பட்டவரின் தொகையை யாரும் குறைக்க மாட்டார்கள். அடிமட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற தரை இருக்கிறது, அதற்குக் கீழேயும் போக முடியாது. நெருக்கப்படுவது நடுவில் நிற்பவர்கள், ஐந்தாறு ஆண்டு அனுபவத்துடன் இருபது, முப்பது லட்சம் வாங்கும் தடுப்பாட்டக்காரர்கள். ஒரு மூத்தவரை விடுவித்துவிட்டு அந்தத் தொகையில் இரண்டு மூன்று புதுமுகங்களைச் சேர்த்துக்கொள்வது கணக்கு தெரிந்த எந்த மேலாளருக்கும் முதலில் தோன்றும் வழி.

பழைய வரலாறு இந்த வாதத்தை என்னைவிட நன்றாகச் சொல்கிறது. உச்சவரம்பும் வருமானப் பங்கும் இல்லாத காலத்தில், ஒவ்வொரு கூடுதல் ஆளின் சம்பளமும் முதலாளியின் சொந்தப் பையிலிருந்து போனது. 1985-இல் பட்டியலை 49 பேரிலிருந்து 45 ஆகச் சுருக்கினார்கள். 1993-இல் வீரர்கள் விரும்பிய அணிக்கு மாறும் உரிமையும் சம்பள உச்சவரம்பும் சேர்ந்த ஒப்பந்தம் உருவானது. பட்டியல் 53 ஆனதும் அதே ஆண்டில்தான், வரம்பு நடைமுறைக்கு வந்தது 1994-இல். அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் செலவு தம் தலையில் இருந்தவரை சுருக்கியவர்கள், அது பொதுப் பானைக்கு மாறியதும் விரித்தார்கள் என்பதைக் கணக்கு எழுதுபவன் கவனிக்காமல் விட முடியாது.

ஆள் கூடினால் பாரம் குறையுமா என்பது தனிக் கேள்வி. 53 என்பதை 56 ஆக்கிவிட்டு, ஆட்ட நாளின் 48-ஐ அப்படியே விட்டால், கூடிய மூவரும் சாதாரண உடையில் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். 48 என்பதை 52 ஆக்கினாலும், தற்காப்பில் சுழற்சி முறையில் இறங்கும் பெருத்த உடலுக்காரர்களைத் தவிர, மற்ற இடங்களில் பயிற்சியாளர் தம் சிறந்த ஆட்களைத்தான் இறக்குவார். தோற்றால் போவது அவர் வேலை. 2019-இல் ஒரு யோசனை பேச்சில் அடிபட்டது: ஆட்டங்கள் 18, ஆனால் எந்த வீரரும் 16-க்கு மேல் ஆடக்கூடாது. காகிதத்தில் மிக அழகான தீர்வு. ஆறு மாதம் முன்பே பணம் கட்டிச் சீட்டு வாங்கி, குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தவரிடம் "உங்கள் குவார்ட்டர்பேக்குக்கு இன்று கட்டாய விடுப்பு" என்று சொல்லும் துணிவு எந்த நிர்வாகத்துக்கும் இல்லாததால் அது அப்படியே கரைந்தது.

வருமானம் உண்மையிலேயே 5.9 விழுக்காடு கூடுமா? மைதான வாசலில் பார்த்தால் கூடாது என்றே சொல்வேன். ஓர் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடும் ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். 16-உம் 4-உமாக இருந்தபோது 8 ஆட்டங்களும் 2 முன்னோட்டங்களும், ஆக 10. 17-உம் 3-உமான இப்போது 9-உம் 1-உம் அல்லது 8-உம் 2-உம், அதுவும் 10. 18-உம் 2-உம் ஆனால் 9-உம் 1-உம், மறுபடியும் 10. பருவச் சீட்டு வைத்திருப்பவரின் தலையில் முன்னோட்ட ஆட்டங்களையும் சேர்த்தே கட்டி விற்பது அங்கே நெடுநாள் வழக்கம். யாரும் பார்க்க விரும்பாத ஆட்டத்துக்கும் அவர் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருந்தார். அது உண்மையான ஆட்டமாக மாறினால் கூட்டம் நிறையும், தின்பண்டமும் பானமும் விற்கும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

ஆகவே பணம் முழுவதும் ஒளிபரப்பிலிருந்துதான் வர வேண்டும். 2021-இல் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2023 தொடங்கி 11 ஆண்டுகளுக்குச் சுமார் 11,000 கோடி டாலர் மதிப்புடையவை. இந்தத் தேசிய வருமானம் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. கிருஷ்ணகிரியைவிடச் சற்றே பெரிய ஊரான கிரீன் பேயின் அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பங்குகள் பொதுமக்களிடம் இருக்கின்றன. ஆகையால் அது ஆண்டுதோறும் தன் வரவு செலவை வெளியிடுகிறது. 2025 மார்ச்சில் முடிந்த ஆண்டில் தேசியப் பங்காக மட்டும் அந்த அணி பெற்றது 43.26 கோடி டாலர். அந்தப் பருவத்தின் சம்பள உச்சவரம்பு 25.54 கோடி. ஒரு சீட்டுக்கூட விற்காமல் சம்பளம் முழுவதையும் கொடுத்துவிட்டு மிச்சமும் வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பொருள்.

கூடுதல் சரக்கு சந்தைக்கு வந்தால் விலை விழுமே என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் தோன்றும். வரத்து மிகுந்த ஆண்டில் பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், இப்போது பாதிதான் சரி என்று தோன்றுகிறது. 32 அணிகளும் 17-லிருந்து 18-க்குப் போனால் 272 ஆட்டங்கள் 288 ஆகும், கூடுவது 16. இந்தப் பதினாறையும் ஞாயிறு மதியத்தில் மற்றவற்றோடு கொட்டினால் மதிப்பு விழத்தான் செய்யும். ஆனால் லீக் மண்டியில் குவித்து விற்பதில்லை, கூழாக்கி டிரம்மில் அடைத்துவிட்டு, சரக்கு இல்லாத மாதத்தில் விற்பவரைப் போல நடந்துகொள்கிறது. 2024 கிறிஸ்துமஸ் நாளின் இரண்டு ஆட்டங்களை நெட்ஃபிளிக்ஸுக்குத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள், விலை சுமார் 15 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன, அதாவது ஆட்டத்துக்கு 7.5 கோடி. பெரிய ஒப்பந்தத்தின் ஆண்டுத் தொகையை 272-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 4 கோடிகூட வராது. 2025-இல் ஏழு ஆட்டங்கள் வெளிநாடுகளில் நடந்தன. கையில் ஆட்டங்கள் கூடக் கூட, இப்படித் தனியே எடுத்துத் தனி விலைக்கு விற்க வாய்ப்பும் கூடுகிறது.

வீரர்கள் கேட்கும் இரண்டாவது ஓய்வு வாரத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். இப்போது 17 ஆட்டங்கள் 18 வாரங்களில் நடக்கின்றன. 18 ஆட்டங்களும் 2 ஓய்வுகளும் என்றால் 20 வாரங்கள். தொலைக்காட்சிக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் வாரத்துக்குச் சராசரி 15.1 ஆட்டங்கள் என்பது 14.4 ஆகிவிடும். 1993-இல் இரண்டு ஓய்வு வாரங்களை ஒரே ஒரு பருவம் முயன்று பார்த்து, சில வாரங்கள் வற்றிப்போகின்றன என்று ஒளிபரப்பாளர்கள் முணுமுணுக்க, அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். ஆட்டத்துக்கான பசி அன்றைக்கு இருந்ததைவிட இன்று மிக அதிகம் என்பதால் இம்முறை அது நிற்கலாம். வீரர்களின் உடல்நலத்துக்கு, பட்டியலில் மூன்று பெயர் கூடுவதைவிட இந்த ஓய்வு வாரம் பல மடங்கு மேல் என்பது என் கருத்து.

உடல் என்ற கணக்கு எந்த வவுச்சரிலும் வராது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் இல்லை. ஒருவர் இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் முழங்காலை உடைத்துக்கொண்டால், அவர் இழப்பது அடுத்த இரண்டு ஆண்டுகளின் சம்பளமாக இருக்கலாம். ஓய்வூதிய உரிமைக்கு மூன்று பருவங்கள் கணக்கில் வர வேண்டும். சராசரி ஆட்ட வாழ்வு மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்று சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது, குறைந்த நாள் இருந்துவிட்டுப் போனவர்களையும் சேர்த்து எண்ணிய சராசரி என்று லீக் அதை மறுக்கிறது. எப்படி எண்ணினாலும், 18-ஆவது ஆட்டத்தின் உண்மையான விலை அந்த ஞாயிற்றுக்கிழமையின் கூலி அன்று, அதனால் சுருங்கக்கூடிய பின்னாள்களின் கூலி. போதாக்குறைக்கு, காயம்பட்டவரின் சம்பளமும் அவருக்குப் பதில் வருபவரின் சம்பளமும் ஒரே உச்சவரம்புக்குள் ஏறுவதால், காயங்கள் கூடினால் அதன் செலவையும் சக வீரர்களே சுமக்கிறார்கள்.

நம் பந்தாட்டத்தில் கதை வேறு. ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீக் 2024-25 பருவத்திலிருந்து 125 ஆட்டங்களுக்குப் பதில் 189 ஆட்டங்களாக வீங்கியது. அதே 2024 அக்டோபரில், உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் போக்கில் போட்டி அட்டவணையை நிரப்புகிறது என்று வீரர்கள் சங்கமும் லீக்குகளும் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டன. அங்கே வருமானத்தில் இத்தனை விழுக்காடு வீரர்களுக்கு என்ற பொதுப் பானை இல்லை. கூடுதல் ஆளுக்குக் கிளப்பே தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால் ஆட்டம் வேகமாகக் கூடுகிறது, ஆள் அவ்வளவு எளிதில் கூடுவதில்லை.

அப்படியானால் வீரர்கள் எதைக் கேட்க வேண்டும்? விழுக்காட்டைத்தான். 2025 உச்சவரம்பை வைத்துப் பார்த்தால், வருமானப் பங்கில் அரை விழுக்காடு என்பது அணிக்கு ஏறக்குறைய 28.8 லட்சம் டாலர். கூடுதல் மூவரின் குறைந்தபட்சச் சம்பளமான 25.2 லட்சத்தை அது தாங்கிவிடும், அப்போதுதான் பட்டியல் விரிவது முதலாளி கொடுத்த ஈடாகும். 17-ஆவது ஆட்டத்துக்காக 48-லிருந்து 48.5 ஆக அவர்கள் பெற்றதும் அதே அரை விழுக்காடுதான், அப்போது 53 என்ற எண் மாறவில்லை.

கேட்பார்களா என்பது வேறு. 2020 மார்ச்சில் அந்த ஒப்பந்தம் வீரர்களின் வாக்கெடுப்பில் 1,019-க்கு 959 என்ற கணக்கில் நிறைவேறியது. 60 வாக்கு வித்தியாசம். எதிர்த்து உரக்கப் பேசியவர்களில் பலர் பெரிய சம்பளக்காரர்கள். புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளமோ 2019-இல் இருந்த 4.95 லட்சத்திலிருந்து 6.1 லட்சமாக ஒரே தாவலில் ஏறியது. எண்ணிக்கையில் அதிகமானோர் கீழ்ப்படியில் நிற்பவர்கள் என்னும்போது வாக்கு எப்படி விழும் என்பதில் புதிர் இல்லை. 2025-இல் பயிற்சிக் குழுவில் இருந்த ஒருவர் வாரத்துக்கு 13,000 டாலர் வீதம் 18 வாரங்களுக்கு 2.34 லட்சம் வாங்கினார். பட்டியலுக்குள் ஏறியிருந்தால் அவருக்கு 8.4 லட்சம். அணிக்கு மூன்று என்றால் 32 அணிகளிலும் 96 இடங்கள். அந்தத் தொண்ணூற்றாறில் ஒன்று தனக்குக் கிடைக்கும் என்று நம்பிக் காத்திருப்பவர்களோ அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்.